சிரித்தமுகமும் சிடுமூஞ்சியும்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டின்மேல் ஒரு பாத்திரக்கடை. அதன் மாடியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. கீழே வருகிறவர்கள் எவர்சில்வர் குடத்தைச் சுண்டிப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்குவார்கள். மேலேயும் அதே வேலைதான். என்ன, குடத்துக்குப் பதில் புரோகிராம். அப்படிச் சுண்டிப் பார்க்கிற கோஷ்டிக்கு அமலராணி தலைவி. தலைவி என்றால் முழுத் தலைவி இல்லை. இருந்தவர் அமெரிக்காவுக்குக் கிளம்பிப் போய்விட்டதால், இருக்கிறவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்ட தலைவி.

"இந்த பேக்கரி வேலை நல்லபடியா முடியட்டும்மா, அந்த டெஸ்டிங் ஹெட் சீட்டு உனக்குத்தான்" என்று முதலாளி எலியேசர் சொல்லியிருந்தார். "இல்லேன்னா கிண்டியிலேருந்து ஒருத்தரைக் கூப்பிட வேண்டியிருக்கும். தப்பா நினைச்சுக்காதே."

அவள் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் சேலையூரிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதெல்லாம் அந்தக் கிண்டிக்காரர் அவள் காலை மிதித்துக்கொண்டு கூடவே வந்தார். எட்டு வருஷம் மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்துக் கெட்ட பேர் வாங்கியவள். அந்த நாற்காலியை இன்னொருவருக்குத் துடைத்துக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும், சொல்லுங்கள்.

மெட்ராஸ் என்று எழுதிவிட்டு அடித்துச் சென்னை என்று எழுதிக்கொண்டிருந்த வருஷம் அது. வளைகுடாவில் ஒரு ஊரில் பெரிய ரொட்டி பேக்கரி. அங்கே அடுப்பின் சூட்டையும், ரொட்டியை உள்ளே இழுத்துப் போகிற பெல்ட்டையும் ஒரு கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்ள வேண்டும். அந்தப் புரோகிராமை எழுதியவன் லோகநாதன். ஊரப்பாக்கத்துப் பையன். அவன் வீட்டில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள். சனிக்கிழமை விடியற்காலை அதை எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவதாக ஏற்பாடு. மீனம்பாக்கத்தில் அவனை வழியனுப்பத் தெருவே வேன் பிடித்திருந்தது.

பேக்கரிக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். புரோகிராமைச் சோதித்தோம் என்று வாயால் சொன்னால் போதாது. அதில் எவ்வளவு பாகம் சோதனையில் உண்மையாகவே ஓடியது என்று ஒரு டூல் வைத்து அளந்து காட்ட வேண்டும். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். எந்த டூல் என்று அவர்கள் சொல்லவில்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை எலியேசர் அமலராணியிடம் விட்டார்.

இரண்டு டூல்கள் ஃப்ளாப்பியில் சாம்பிளாக வந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இலவசம். அதற்குள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும். முதல் டூலைப் போட்டதும் தொண்ணூற்றேழு சதவீதம் என்று காட்டியது. இரண்டாவது அதே புரோகிராமுக்கு, அதே சோதனைக்கு, எழுபத்தொன்று என்றது. அன்றைக்கே லோகநாதன் இரண்டுக்கும் பேர் வைத்துவிட்டான். முதலாவது சிரித்தமுகம். இரண்டாவது சிடுமூஞ்சி.

ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்பீர்கள். பயப்பட வேண்டாம், கஷ்டமான சமாசாரம் இல்லை. ரயில்வே கேட்டைத் தினம் தாண்டிப் போகிறோம். ஒரு மாசமாக நாம் போகும்போதெல்லாம் கேட் திறந்தே இருந்தது என்று வையுங்கள். சிரித்தமுகத்தைக் கேட்டால், 'கேட்டைத் தாண்டினாயா? தாண்டினாய். சரி' என்று டிக் போட்டுவிடும். சிடுமூஞ்சி விடாது. 'திறந்திருக்கும்போது தாண்டினாய், சரி. ரயில் வருகிறபோது அது மூடுகிறதா என்று பார்த்தாயா?' என்று கேட்கும். பார்க்கவில்லை என்றால் பாதி மார்க்குதான்.

போதாததற்கு லோகநாதனுக்கு ஒரு பழக்கம். எலியேசர் பிரிண்டர் பேப்பரில் கஞ்சர். அவருக்குப் பயந்து, 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்பதை இரண்டு வரியாக எழுதாமல் ஒரே வரியில் அடைத்துவிடுவான். வரியை எண்ணுகிற சிரித்தமுகத்துக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. 'இப்படி இருக்கிறதா' என்று பார்த்தாலே முழு வரியும் ஓடியதாகக் கணக்கு. 'அப்படிச் செய்' நடக்கவே இல்லை என்பது அதற்குத் தெரியாது.

வியாழக்கிழமை சிடுமூஞ்சி கொடுத்த பட்டியலை அமலராணி ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். அதில் ஓர் இடத்தில் அவள் பேனா நின்றது. வெள்ளிக்கிழமை பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் பேக்கரியில் எல்லோரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள். ஒருவரும் இருக்கமாட்டார்கள். அப்போது புரோகிராம் தானாக அடுப்பைத் தணித்து, பெல்ட்டை நிறுத்த வேண்டும். இந்த இடம் சோதனையில் ஒரு தடவைகூட நடக்கவில்லை என்றது சிடுமூஞ்சி.

சோதனை ஓட்டுகிறவர் லக்ஷ்மிநாராயணன். வயசில் மூத்தவர், பொறுப்பானவர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகுகாலம் இல்லையோ" என்றார் அவர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி. "அந்த நேரத்துல நான் புதுசா எதையும் ஆரம்பிக்கறதில்லை. பன்னெண்டுக்கு ஆத்துக்குச் சாப்பிடப் போயிடறேன்."

லோகநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்தியா அக்கா! நம்ம புரோகிராம்ல ஒண்ணும் கோளாறு இல்ல. கோளாறு இந்த சாமிகிட்ட கீது. சிடுமூஞ்சிக்கு ராகுகாலம்னா இன்னான்னே தெரியாது, பாவம். சிரிச்சமொகத்தையே எடுத்துக்கோ. நாளைக்கு ரிப்போர்ட் போட்டா நான் பிளேன் ஏறிடுவேன், உனக்கு சீட்டு, எல்லாருக்கும் பிரியாணி."

"கம்ப்யூட்டர்ல தேதிய வெள்ளிக்கிழமைன்னு மாத்தி இப்பவே ஓட்டிப் பாத்துடலாமா?" என்றாள் அமலராணி.

"மாத்தினா, இதுல போட்டிருக்கற சாம்பிள் டூல் ரெண்டும் ஒரேயடியா படுத்துக்கும். தேதியத் தொடாதேன்னு டூல் குடுத்த ஏஜென்ட் படிச்சுப் படிச்சுச் சொன்னானே" என்றான் லோகநாதன்.

அதுவும் நிஜம்தான். "அப்ப நாளைக்கு நிஜமான வெள்ளிக்கிழமையிலேயே ஓட்டுவோம்" என்றாள்.

லோகநாதனின் சிரிப்பு நின்றுபோயிற்று. "நாளைக்கு நான் துணிமணி எடுத்து வைக்கணும்க்கா. ஏன் பேஜார் பண்றே? காரணந்தான் தெரிஞ்சுபோச்சே."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏன் ஓடவில்லை என்பதற்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டால், ஓடினால் சரியாக ஓடும் என்று மனசு தானாக நம்பிவிடுகிறது. அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அமலராணியும் அப்படித்தான் நம்பப் பார்த்தாள். தொண்ணூற்றேழு என்கிற எண் அவ்வளவு அழகாக இருந்தது. அதை அனுப்பினால் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. எழுபத்தொன்றை அனுப்பினால் நிபந்தனையே விழுந்துவிடும். கிண்டிக்காரர் ஷூ போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நம்பலாம் என்றுதான் இருந்தது. ஆனால் சாப்பிட்டு எழுந்ததும் சிடுமூஞ்சியின் பட்டியலைத்தான் திரும்ப எடுத்தாள்.

மறுநாள் லக்ஷ்மிநாராயணன் அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

"யோசிச்சுப் பார்த்தேன். பத்தரைக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டா, நடுவுல ராகுகாலம் வந்தா வந்துட்டுப் போறது. ஆரம்பம்தானே முக்கியம்."

நிஜ அடுப்பு இங்கே ஏது? ஒரு பலகையில் அடுப்புக்குப் பதில் சிவப்பு பல்பு, பெல்ட்டுக்குப் பதில் ஒரு குட்டி மோட்டார். கம்ப்யூட்டர் சொன்னால் பல்பு பிரகாசமாக எரியும், சொன்னால் மங்கும். மோட்டார் சுற்றும், நிற்கும். பத்தேகாலுக்கு லக்ஷ்மிநாராயணன் சோதனையை ஓட்டிவிட்டார். பல்பு எரிந்தது, மோட்டார் சுற்றியது. லோகநாதன் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, சூட்கேஸுக்கு வாங்க வேண்டிய பூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போய்விட்டது.

குரோம்பேட்டையில் கரண்ட் போவது அதிசயமா? யு.பி.எஸ். கூச்சல் போட்டது. ஆனால் பலகைக்கு யு.பி.எஸ். கிடையாது. பல்பு அணைந்தது, மோட்டார் நின்றது, சோதனை பாதியில் செத்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. முதலிலிருந்து ஓட்ட வேண்டும். பதினொன்றுக்கு முன்னால் ஆரம்பித்தால்தான், எரிகிற அடுப்பு பதினொன்று அடித்ததும் தணிகிறதா என்று பார்க்க முடியும். நேரமோ நடு ராகுகாலம்.

மூன்று பேரும் கீபோர்டைப் பார்த்தார்கள்.

"இன்னா சாமி, எமகண்டமும் சேத்துப் பாக்கலாமா?" என்றான் லோகநாதன்.

"சும்மா இரு லோகு" என்றாள் அமலராணி. பிறகு அவரிடம், "சார், நீங்க கீழ போய் ஒரு காபி சாப்பிட்டுட்டு வாங்க. நான் அழுத்திடறேன்."

லக்ஷ்மிநாராயணன் எழுந்தார். வாசல் வரைக்கும் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நாம உட்கார்ந்திருக்கறது எதுக்கு? தப்பு வருதான்னு பார்க்கத்தானே. தப்பைத் தேடறதுக்கு இதைவிட நல்ல நேரம் பஞ்சாங்கத்துலயே கிடையாது" என்று சொல்லிவிட்டு, தாமே பொத்தானை அழுத்தினார். லோகநாதன்கூட கை தட்டினான்.

மணி பதினொன்று ஆயிற்று. பல்பு அப்படியே பளீரென்று எரிந்தது. மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம் முன்னப்பின்ன இருக்கும்" என்றான் லோகநாதன். ஒரு நிமிஷம் போயிற்று. இன்னும் சில நிமிஷங்கள் போயின. எழுந்து பலகையைத் தட்டினான். ஒயரை ஆட்டினான். "கனெக்‌ஷன் லூசு" என்றான். அவன் ஆட்ட ஆட்ட மோட்டார் நன்றாகவே சுற்றியது.

அமலராணி பிரிண்ட் எடுத்த தாளை அவன் முன்னால் வைத்து, அந்த ஒற்றை வரியில் விரலை ஓட்டிக்கொண்டே சத்தமாகப் படித்தாள். "நாள் வெள்ளி. சரி. மணி பதினொண்ணு, இல்லே அதுக்கு மேல. சரி. மணி ஒண்ணுக்குக் கீழ..."

அதற்குமேல் படிக்கத் தேவையிருக்கவில்லை. பதினொன்றுக்கு மேலும் இருந்து ஒன்றுக்குக் கீழும் இருக்கிற எண் எங்கே இருக்கிறது? நம் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பிறகு ஒன்று. கம்ப்யூட்டரின் கடிகாரத்திலோ அது பதின்மூன்று. லோகநாதன் சாப்பாட்டு மணியை நினைத்துக்கொண்டு எழுதிவிட்டான். உலகம் உள்ளளவும் அந்த அடுப்பு எந்த வெள்ளிக்கிழமையும் தணிந்திருக்காது.

"பதிமூணு" என்றான் அவன், மெதுவாக.

அங்கே ஆளில்லாத கூடத்தில் ரொட்டி கருகி, புகைந்து, அதற்குமேல் என்ன ஆகியிருக்கும் என்று மூன்று பேரும் அவரவர் மனசுக்குள் பார்த்துக்கொண்டார்கள். 

ஒன்றை அழித்துப் பதின்மூன்று என்று போட எவ்வளவு நேரம் ஆகும்? திருத்தி ஓட்டியதும் பல்பு மங்கியது, மோட்டார் நின்றது. லோகநாதனுக்கு உயிர் வந்தது.

"முடிஞ்சுதுக்கா! நல்லவேளை, நீ பிடிவாதமா நின்னே. இப்ப சரியாயிடுச்சு இல்ல? சிரிச்சமொகத்துல ரிப்போர்ட் போட்டுடு. நான் கிளம்பறேன்."

"லோகு, இது ஒண்ணுதான்னு உனக்குத் தெரியுமா?"

"வேற இன்னா இருக்கப்போவுது?"

"இதப் பத்தியும் நேத்து அதத்தானே சொன்னே."

அவன் முகம் சிவந்தது. "எங்க தெருவே வேன் வெச்சிருக்குதுக்கா. எங்கம்மா முறுக்கு சுட்டுகினு கீது. அவங்ககிட்ட நான் இன்னான்னு சொல்றது? அமலா அக்காவுக்கு சந்தேகம், அதனால போவலன்னா?"

"ஆமா. அப்படியே சொல்லு" என்றாள். சொல்லும்போது அவளுக்கு அவனைப் பார்க்க முடியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு எலியேசர் அறைக்குப் போனாள்.

எலியேசர் எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பைத் திருத்தியாச்சுங்கறே. அப்புறமும் எழுபத்தொண்ணுக்காரனைத்தான் எடுக்கணுமா?"

"ஆமா சார். அந்தப் பட்டியல்ல இன்னும் பார்க்காத இடம் நிறைய இருக்கு. எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்து, அந்த டூல்லயே தொண்ணூறு தாண்டினப்புறம் அனுப்பலாம். இன்னும் ரெண்டு வாரம் வேணும்."

"அந்த பேக்கரிக்காரன் ரெண்டு நாளே குடுக்கமாட்டான். அதுவும் போன் போட்டு, நாங்க எழுபத்தொண்ணுதான்னு நாமளே சொல்லணுமா?" டெலிபோனை அவள் பக்கம் நகர்த்தினார். "எனக்கு அதைச் சொல்ல வாய் வராது. நீயே சொல்லு. அவன் கான்ட்ராக்டை கேன்சல் பண்ணினா நானும் யோசிக்க வேண்டியிருக்கும்மா."

யோசிப்பது என்றால் கிண்டி. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

லைன் கிடைத்தது. பேக்கரியின் இன்ஜினியர் எடுத்தார். அமலராணி சுற்றி வளைக்கவில்லை. எழுபத்தொன்று என்றாள். வெள்ளிக்கிழமைத் தப்பைச் சொன்னாள். அது இன்று காலையில்தான் அகப்பட்டது என்பதையும், இன்னொரு டூலில் தொண்ணூற்றேழு வந்தது என்பதையும், அதை ஏன் அனுப்பவில்லை என்பதையும் சொன்னாள். இரண்டு வாரம் கேட்டாள்.  

இன்ஜினியர் கோபமாக ஏதோ ஆரம்பித்து, நடுவில் நிறுத்திவிட்டு, அடுப்பு இருக்கிற கூடத்துக்கு மேல் மாடியில்தான் தொழிலாளிகள் தங்கியிருக்கிறார்கள் என்றார். இராத்திரி ஷிப்ட் பார்த்தவர்கள் வெள்ளிக்கிழமை அங்கே தூங்குவார்களாம். இரண்டு வாரம், ஒரு நாள்கூட அதிகம் கூடாது என்றார். இனிமேல் இந்த விஷயமாக யாரிடம் பேச வேண்டும், பேசுவது யார் என்று கேட்டார்.

அமலராணி எதிரில் இருந்த எலியேசரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"டெஸ்டிங் ஹெட் பேசறேன்" என்றாள். "என்கிட்டயே பேசுங்க. பேர் அமலராணி."

எலியேசர் மறுக்கவில்லை. இண்டர்காமை எடுத்து, டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டு லோகநாதன் டிக்கெட்டை இரண்டு வாரம் தள்ளிப் போடச் சொன்னார்.