ஆறாவது காஜா

வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பழைய சட்டை ஒண்ணைப் போட்டுடலாம். இதுல இன்னும் காஜாவே எடுக்கல. யாரு பாக்கப் போறாங்க?" என்றான் அண்ணன்.

"நான் பாப்பேன். அப்பா தனக்குன்னு தைச்சுக்கிட்டது இது ஒண்ணுதான். வண்டி நிக்கட்டும்."

தையற்காரரான அப்பாவுக்குத் தெருவெங்கும் நல்ல பெயர். "என் கல்யாணச் சட்டைய சும்மா தைச்சுக் குடுத்தாரும்மா" என்று காலையில் தபால்காரர் கண்கலங்கினார். "எங்க பசங்க யூனிஃபார்ம் எல்லாம் சும்மாதான்" என்றாள் எதிர்வீட்டு அக்கா. கேட்கக் கேட்க இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தைத்தது அவர்தான். பொத்தான் துளையைச் சுற்றி ஒவ்வொரு இழையாகக் கட்டிக் காஜா எடுத்தது யார்? "சும்மாதானே இருக்க, இந்தா" என்று ஒன்பது வயதிலிருந்து மடியில் துணியைப் போட்டுவிட்டுப் போவார். வீட்டில் சும்மா இருந்தவளால் தெருவுக்கெல்லாம் சும்மா கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது பதினெட்டு வயதில் மூக்குக்கண்ணாடி.

போன மாதம் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டாள். "உங்க தாராளத்துக்கு இனிமே என் கண்ணைக் கேக்காதீங்கப்பா." அதற்குப் பிறகு ஒரு துணிகூட மடியில் விழவில்லை. சமாதானமாக ஒரு வார்த்தை பேசுவதற்குள் மனிதர் போய்விட்டார்.

எப்போதும் கீழிருந்துதான் தொடங்குவாள். கை பழகுவதற்குள் வரும் பிசகு இடுப்புக்குள் மறைந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். நான்கு. அண்ணன் வெளியே போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தான். ஐந்து.

ஆறாவதற்காகக் கழுத்துப்பட்டியை விரித்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு காஜா இருந்தது.

கோணல்மாணலாக, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பக்கத்தில் ஊசி குத்திய விரலின் ரத்தம் பொட்டாகக் காய்ந்திருந்தது. ஆயுள் முழுக்கத் தைத்தவருக்குக் காஜா மட்டும் கைவந்ததே இல்லை.

"இதென்ன இப்படி இருக்கு? பிரிச்சு எடுத்துடேன். வண்டிக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான் அண்ணன்.

"இருக்கட்டும்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அப்பாவுக்கு அவளே பொத்தான்களைப் போட்டுவிட்டாள். ஐந்தும் வழுக்கிக்கொண்டு நுழைந்தன. கழுத்துப் பொத்தான் மட்டும் அந்தக் குறுகலான துளைக்குள் போக மறுத்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.