தாங்கும் மண்

சோணைமுத்துவுக்கு வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டு வலித்தது. காலையில் குடித்தது நீராகாரம், அதிலும் நீர்தான். யுத்தம் முடிந்த மறு வருஷம். பந்தல்குடிப் பக்கம் மழை பொய்த்துவிட்டது.

அருப்புக்கோட்டையிலிருந்து லாரியில் வந்து இறங்கினான் சந்தனம். சைகோனுக்கு ஆள் பிடிக்கிறவன். அங்கே ஆறு கடலில் சேரும் இடத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் அளக்கிறார்கள். சேறு எது, மேடு எது என்று அறிந்தவர்கள் சீனாக்காரப் படகோட்டிகள். அவர்கள் சொல்வதைத் துரைக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

"புதுச்சேரி பூராத் தேடிட்டேன்லே. பிரெஞ்சு படிச்சவனுக்குச் சீனம் தெரியல. ரெண்டும் தெரிஞ்ச ஒருத்தன் சிக்குனான், ஜவுளிக்கடைக்காரன். மணலுக்கும் வண்டலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒனக்குத்தான் மூணும் தெரியும்."

"மறந்துபோச்சு."

"சோத்தக் கண்டா ஞாபகம் வரும். ஒரு மூடை கம்பு இப்பவே எறக்குறேன். அளவுச் சங்கிலி பிடிக்க ஆளும் கூட்டிட்டு வா."

சோணைமுத்துவுக்குச் சீனம் சைகோனில் சீனாக்காரன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கி வந்தது. பிரெஞ்சு, துரை வீட்டுக் குதிரைக்குப் புல் அறுத்து வந்தது. மண் பிறந்ததிலிருந்தே தெரியும். யுத்தத்துக்கு முன்னால் அங்கே இதே அளவு வேலைக்குப் போனபோது மண்தான் அவனைக் கவிழ்த்தது. மேலே காய்ந்து வெடித்திருக்கிறது என்று படகோட்டி கழியை நீட்டினான். அந்த ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு சொன்னால் போதும், அடியில் புதைசேறு என்று அர்த்தம். கரிசல்காட்டில் வெடித்த நிலத்தின் மேல் பாரவண்டி போகும். "தாங்கும்" என்று துரையிடம் சொன்னான் சோணைமுத்து. ஊரிலிருந்து அவனோடு போயிருந்த மாரிச்சாமி சங்கிலியோடு இறங்கினான். இடுப்பு, மார்பு, கடைசியில் கை மட்டும் தெரிந்தது. காய்ச்சலில் போய்விட்டான் என்று ஊரில் சொல்லியாயிற்று.

லாரியைப் பார்த்து மாரிச்சாமியின் பெண்டாட்டி பேச்சி வந்தாள். கூடவே அவள் தம்பி அருஞ்சுனை.

"அண்ணே, இவனையும் கூட்டிட்டுப் போங்க. கெணறு வெட்டுனவன்."

"எலும்புக்கூட்டுக்குத் துணியக் கட்டி விட்டிருக்கியே" என்றான் சந்தனம்.

"சோறு போட்டுப் பாருங்க, கறி வைக்கும்" என்றான் அருஞ்சுனை.

"எங்க வீட்டு அவுகளுக்குக் காய்ச்சல் வந்துருச்சு, விதி" என்றாள் பேச்சி. "ஏலே, அண்ணன் சொல்ற எடத்துல கால வையி. போதும்."

சோணைமுத்து வாயைத் திறந்தான். அவன் பெண்டாட்டி தங்கம்மாள் அதற்குள் லாரியிலிருந்து இறங்கிய மூட்டையைப் பிரித்துக் கம்பை உரலில் கொட்டியிருந்தாள். உலக்கை விழ ஆரம்பித்தது.

"வரட்டும்" என்றான்.

பேச்சி கும்பிட்டுவிட்டுப் போனாள். மாரிச்சாமி எப்படிச் செத்தான் என்று அவளிடம் சொல்ல வேண்டிய கடன் அப்படியே நின்றது.