குதிரை வைத்த கைநாட்டு

திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு குதிரையிடம் பெட்டிச மனுவில் கைநாட்டு வாங்கி, அதைக் கொண்டே ஒரு சட்டத்தை நிறைவேற்றிக் காட்டியவன் நான். இலங்கையில் வேறொருவன் இதைச் செய்திருந்தால் வரச் சொல்லுங்கள், அவன் காலில் விழுகிறேன்.

இதைக் கேட்டு இதுவரை எண்ணாயிரம் பேராவது சிரித்திருப்பார்கள். மஹ்ரூப் மட்டும் சிரித்ததில்லை. அந்தக் காலத்தில் எங்கள் நகரசபையில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர் அவர். "பொய்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுத் தேநீரைக் குடிப்பார். இருபத்திரண்டு வருடமாக அதே சொல், அதே தேநீர்.

போன வெள்ளிக்கிழமை ஸைனுலாப்தீன் மவுத்தானார். குதிரை பூட்டிய கரத்தை வண்டி ஓட்டியவர். அடக்கம் முடிந்து மீன் சந்தைக்கு எதிரேயுள்ள கடையில் நாங்கள் குந்தியிருந்தபோது அவருடைய மருமகன் லாபிர் என்னிடம் கேட்டான்.

"ஐயா, மாமா கடைசி வரைக்கும் குதிரையப் பத்தி ஒரு கதையும் கதைச்சதில்ல. ஊருக்குள்ள நீங்க சொல்லித் திரியிறது உண்மையா?"

மஹ்ரூப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போய் இரண்டு வருடம். வேலை போன ஆட்களோடு வேலை போன குதிரைகளும் தெருவில் நின்றன. அவற்றையெல்லாம் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற கொந்தராத்துக்காரர் தம்பிராசா வாங்கினார். நுவரெலியாப் பந்தயத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். முழங்கால் வீங்கின கிழட்டுக் குதிரைகள் பந்தயத்துக்காம்! அவை போனது சீனன்குடாப் பக்கம் கடலோரத்தில் அவர் போட்டிருந்த தகரக் கொட்டிலுக்கு. அங்கே வெட்டி, உப்புப் போட்டு, பீப்பாயில் அடைத்து, மாட்டிறைச்சி என்று கப்பல்களுக்கு விற்றார். கேட்க ஆளில்லை. மாடு வெட்டச் சபையின் துண்டுச்சீட்டு வேண்டும், ஆடு வெட்ட அனுமதி வேண்டும். குதிரையைப் பற்றி எங்கள் சபை விதியில் ஒரு வரிகூட இல்லை.

நான் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோர் வாசலில் பெட்டிசம் எழுதுகிறவன். ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு டைப்ரைட்டர். 'அவசரம்' என்று நான் தட்டினால் குடாவுக்கு அப்பால் மூதூரில் மேய்கிற மாடுகள் தலை நிமிரும். குதிரை வெட்டுவதைத் தடுக்க ஒரு விதி வேண்டுமென்று நானாகவே ஒரு பெட்டிசம் தொடங்கி ஊரூராய்ப் போனேன். குடாவைக் கடக்கிற லோஞ்சில் மூதூருக்கு, அங்கிருந்து கரத்தையில் கிளிவெட்டிக்கு. கிளிவெட்டியில் கனகம்மா என்றொரு கமக்காரி, நெல்லுத் தூற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குதிரையைக் காணாத ஊரில குதிரைக்குக் கையெழுத்தோ? உமக்கு வேற வேலை இல்லையே?"

"அது இருவது வருசம் வேலை செய்த சீவன் அக்கா."

"எங்கட எருதும்தான் செய்தது. போன மாசம் எங்கட வீட்டு மனிசன் அதை வித்துப்போட்டார்." சுளகை வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். "கொண்டா, எங்க வைக்கவேணும்?"

இப்படி எழுநூறு பேர். உள்ளதைச் சொன்னால் முந்நூறு. மிச்சத்தை நானே இடக்கையால் போட்டேன்.

அந்த நேரத்தில்தான் ஸைனுலாப்தீன் ஓடி வந்தார். காய்ச்சலில் இரண்டு கிழமை கிடந்து எழும்பியவர். பீடி குடிக்கிறவன்கூட அப்படி இளைத்திருக்கமாட்டான்.

"ஐயா, எண்ட சுல்தானாவைப் புடிச்சி அடைச்சி வெச்சிருக்கானுகள்."

சுல்தானா அவருடைய பெட்டைக் குதிரை. அவர் படுக்கையில் கிடந்தபோது கட்டை அறுத்துக்கொண்டு மேயப் போயிருக்கிறது. தம்பிராசாவின் ஆட்கள் தங்கள் குதிரைகளோடு சேர்த்துச் சாய்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"போய்க் கேட்டனீங்களா?"

"கேட்டன். குறியக் காட்டு எண்டானுகள்."

அங்கேதான் பிழை நடந்தது. எங்கள் பகுதியில் மாடு வைத்திருக்கிற எவனும் கன்று ஆறு மாதமாகுமுன் குடும்பக் குறியைச் சுட்டுவிடுவான். குறியிருந்தால் ஊர்த் தலைவரான விதானை வந்து பிரித்துக் கொடுப்பார். குறியில்லாதது பிடித்தவன் பொருள். ஸைனுலாப்தீன் தன் மூன்று மாட்டுக்கும் சுட்டவர், குதிரைக்குச் சுடவில்லை.

"ஏன் மனிசா சுடேல்ல?"

"இரும்பக் காய்ச்சிக்கிட்டுப் போனன் ஐயா. அது எண்ட கையத்தான் நக்கிச்சி. எனக்கு ஏலாமப் போச்சி."

அவர் கூப்பிட்டபோது சுல்தானா வேலிக்கு ஓடிவந்து கனைத்ததாம். தம்பிராசா சிரித்தாராம். "கையில புண்ணாக்கு இருந்தா எந்தக் குதிரையும் வரும் அண்ணே."

அன்று வெள்ளிக்கிழமை. செவ்வாய்தான் சபைக் கூட்டம். ஆனால் தலைவர் நினைத்தால் கூட்டத்துக்கு முதலே கொட்டிலைப் பூட்டச் சொல்லலாம். ஸைனுலாப்தீனை முதல் மனுதாரராகப் போட்டு அந்த மத்தியானமே புதிய முதற்பக்கம் தட்டினேன். பதற்றத்தில் அவரிடம் பெருவிரல் வாங்க மறந்துபோனேன். என் வாழ்நாளில் விட்ட ஒரே பிழை. (இரண்டாவது பிழை கலியாணம்.) பெட்டிசம் சபைக் கந்தோருக்குள் போனது. சனிக்கிழமை காலை திரும்பி வந்தது. மூலையில் சிவப்பு மையில் ஒரு வரி: 'குதிரை மனுதாரருக்கு உரியது என்பதற்கு அத்தாட்சி இணைக்கப்படவில்லை.'

ஞாயிறு மாலை ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது. திங்கள் விடியவே கொட்டிலில் வேலை தொடங்கிவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பீப்பாய்களுக்கு மூடி அடித்துக்கொண்டிருந்தார்கள். கடலோரத்தில் கால்களைக் குவித்துப் போட்டிருந்தார்கள். பதினொரு குதிரை, நாற்பத்துநாலு கால். இந்த எண்ணில் நான் ஒன்றையும் கூட்டவில்லை. நாய்கள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. ஸைனுலாப்தீன் கல்லெறிந்து அவற்றைத் துரத்திவிட்டு முழங்காலில் இருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். சுல்தானாவின் முன்னங்குளம்பொன்றில் வெடிப்பு. அதனால் அந்த லாடத்துக்கு ஏழு ஆணிக்குப் பதில் ஆறுதான் அடித்திருந்தார். முப்பதாவது காலோ என்னவோ, எடுத்து, ஆணியை விரலால் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து அதில் அந்தக் காலைச் சுற்றினார். உள்ளே போட்டிருந்த கட்டைக் காற்சட்டையோடு கொட்டிலிலிருந்து ஊர்வரை நடந்தார். நானும் பின்னால் போனேன். நான் கதையாமல் நடந்த நான்கு மைல் அதுதான்.

செவ்வாய்க்கிழமை கூட்டம். பெட்டிசத்தைத் திரும்பக் கொண்டுபோய்த் தலைவர் கையிலேயே கொடுத்தேன். அவர் முதற்பக்கத்தைப் பார்த்தார்.

"முதல் மனுதாரர் கைநாட்டு வைக்கேல்லையே?"

ஸைனுலாப்தீன் முன்னால் போனார். மேசையில் மைத்தட்டு இருந்தது. கொண்டுவந்த சாரச் சுற்றைப் பிரித்தார். முதல் நாள் வெட்டிய கால். வாடை மண்டபம் முழுக்க அடித்தது. குளம்பை மைத்தட்டில் அழுத்தி, தன் பெயருக்கு நேரே வைத்து எடுத்தார்.

"அத்தாட்சி கேட்டீங்க" என்றார். "இணைச்சிருக்கன்."

பதினேழு உறுப்பினர்கள் மயங்கி விழுந்தார்கள் என்றுதான் வழக்கமாகச் சொல்வேன். சபையில் இருந்ததே ஒன்பது பேர். ஒருவர் வெளியே போய் வாந்தியெடுத்தார். மற்றவர்கள் கை உயர்த்தினார்கள், தம்பிராசாவின் மைத்துனர் உட்பட. சபை எல்லைக்குள் குதிரையோ கழுதையோ வெட்டக்கூடாது என்று அன்றே விதி எழுதினார்கள். கொட்டில் பூட்டப்பட்டது. அந்நேரம் அங்கே பூட்டிக் காப்பாற்றுவதற்கு ஒரு குதிரைகூட மிச்சமிருக்கவில்லை.

கூட்டக் குறிப்பில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'மனுதாரர் அடையாளமிட்டார்.' அவ்வளவுதான். அந்த முதற்பக்கத்தைப் பிறகு எவரும் காணவில்லை.

நான் கதையை முடித்தேன். லாபிரின் தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. அவன் என்னை விட்டுவிட்டு மஹ்ரூப்பைப் பார்த்தான்.

"ஹாஜியார், நீங்க அங்க இருந்தீங்கதானே? இவர் சொல்றது பொய்யா?"

அந்த ஒற்றைச் சொல்லுக்கு நான் வழக்கம்போல் ஆயத்தமாக இருந்தேன். பதிலுக்கு ஒரு நக்கலும் நாவில் இருந்தது. மஹ்ரூப் கோப்பையைத் தொடவில்லை. கடைக்கார அபூதாஹிர் துடைத்துக்கொண்டிருந்த மேசையை விட்டு நிமிர்ந்தான்.

"பதினேழு பேர் பொய். மூதூர் மாடு பொய்" என்றார் மஹ்ரூப்.

"அது தெரியும். மற்றது?"

"நடந்தது தம்பி. குளம்புதான் வெச்சவர், நான் ரெண்டு முழத்தில நிண்டு பார்த்தன். அந்தச் சிவப்பு மையில எழுதினதும் நான்தான். நான் அதத் திருப்பி அனுப்பாம வெள்ளிக்கிழமையே பெட்டிசத்தத் தலைவருக்குக் குடுத்திருந்தா, சுல்தானா நாலு காலோட வந்திருக்கும்."