நான் எழுதிய பதினான்கு எண்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று எனக்குப் பரிந்து பேச வேண்டாம். இது டாக்டரிடம் சொன்ன பொய்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘வானத்துக்கும் கடலுக்கும் நடுவே, தன் விரல் நுனியில் பூத்த சிவப்பு முத்தை அவன்…’

நிறுத்திவிட்டேன். என் தம்பி படித்தால் சிரிப்பான். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வயது நாற்பத்தாறு. போன மாதம் சர்க்கரை என்று தெரிந்தது. முத்து, பூ எல்லாம் கிடையாது.

2

டாக்டர் மாத்திரை எழுதினார். சிஸ்டர் ஒரு சின்ன மெஷினைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்த வேண்டும். ரத்தத் துளியை மெஷினில் செருகிய பட்டையின் ஓரத்தில் காட்டினால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. ஒரு வாரத்துக்குப் பதினான்கு எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

(என் தம்பி எதற்கும் அசராதவன் என்று இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. முதல் தடவை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தானே குத்திவிட்டு, “குத்திட்டேனா?” என்று என்னைக் கேட்டவன் அவன். வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.)

3

இரண்டாம் நாள் சாயங்காலமே நோட்டோடு வந்தான்.

“அக்கா, சாப்பிட்டப்புறம் 268 காட்டுது. நேத்தும் இப்படித்தான்.”

“என்ன சாப்பிட்ட?”

“எப்பவும் போலத்தான். மொத்தத்தையும் நீயே எழுதிக் குடுத்துடு. இல்லாததை இருக்கிற மாதிரி எழுதுறதுதானே உன் வேலை.”

“விளையாடுறியா?”

“அடுத்த மாசம் கம்பெனியில உடம்பு செக்கப், அக்கா. இன்சுலின் ஊசின்னு ஆயிட்டா கிரேன் மேல ஏத்த மாட்டாங்க. கீழ உக்கார வெச்சு லாரி நம்பர் எழுதச் சொல்லுவாங்க. இருபது வருஷம் மேலேருந்து பார்த்தவன் நான்.”

எழுதினேன். முன்னால் 118, பின்னால் 146. அடுத்த நாள் 121, 152. பூஜ்யத்தில் முடியும் எண்களைத் தவிர்த்தேன். சனிக்கிழமைக்கு மட்டும் 171 போட்டு, பக்கத்தில் ‘நண்பர் வீட்டு விருந்து’ என்று சேர்த்தேன். பேனாவைக்கூட இரண்டு தடவை மாற்றினேன்.*

* நம்ப வைக்க ஒரு சின்னக் குறை போதும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு நாவல்கள் ஆயின.

4

அடுத்த வாரம் நானும் தம்பியோடு போனேன். டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, இதே மாத்திரை போதும்” என்றார்.

சிஸ்டர் மெஷினை வாங்கிப் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.

“சார், இதுக்கு ஞாபகசக்தி உண்டு. நாலு தடவைதான் பார்த்திருக்கீங்க. அதுல ரெண்டு, இருநூத்தம்பதுக்கு மேல.”

சிஸ்டர் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

“யார் எழுதினது?”

“நான்தான்” என்றேன்.

(முதல் பிரதியில் சிஸ்டரைக் கத்த வைத்திருந்தேன். எனக்கு அது வசதி; திட்டு வாங்கினால் கணக்குத் தீர்ந்துவிடும். அவர் கத்தவில்லை.)

“கையெழுத்து நல்லா இருக்கு. ஆனா இதைப் பார்த்துதான் டாக்டர் மருந்து எழுதுறாங்க. அந்த மருந்து இவர் வயித்துக்குள்ளதான் போகுது.”

எந்த விமரிசகரும் என் எழுத்தை இவ்வளவு சரியாகப் படித்ததில்லை.

பிறகு தம்பி ஒவ்வொன்றாகச் சொன்னான். இறங்கி ஏற நேரம் பிடிக்கும் என்பதால் மேலேயே சாப்பாடு. டப்பா நிறையச் சோறு. தண்ணீருக்குப் பதில் ஒரு பெரிய பாட்டில் ஜூஸ்.

“எது ஏத்துதுன்னு நீங்களே பாருங்க. ஜூஸை விட்டுட்டு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு எடுங்க” என்றார் சிஸ்டர். “நம்பர் உங்களைத் திட்டுறதுக்கு இல்ல சார்.”

“ஊசி போட வேண்டி வருமா?” என்று கேட்டான்.

“எனக்கே இப்போ தெரியாது” என்றார் டாக்டர். “உண்மையான பதினாலு வரட்டும்.”

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் சர்க்கரை சொன்னபடி கேட்கிறது. செக்கப்பில் தேறிய தம்பி உச்சியிலிருந்து கையசைக்கிறான். இரண்டாவதில் அவன் கீழே உட்கார்ந்து லாரி நம்பர் எழுதிக்கொண்டு… இதையும் முடிக்கவில்லை. நான் செய்த தப்புக்கு அவனைத் தண்டிப்பதாகப் பட்டது.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். நேற்று இரண்டே முக்காலுக்குக் கிரேன் அறையிலிருந்து கூப்பிட்டான். பின்னால் காற்று இரைந்தது.

“எழுதிக்கோக்கா. முன்ன 139. இப்போ 187.”

“ஜூஸ்?”

“தொடல. சோறு பாதி, காய் பாதி. இப்பவே பசிக்குது, போ.”

அவனே குறைத்த எண். ஆனாலும் நூற்றைம்பதுக்குள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பேனா ஒரு கணம் நின்றது. 187 என்றே எழுதினேன்.

அது புதிய நோட்டில் ஆறாவது எண். இன்னும் எட்டு இருக்கின்றன. முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம்தான். ஆனால் உங்களிடம் விட்டால் நல்ல எண்களாகப் பார்த்துப் போட்டுவிடுவீர்கள். பாசத்தில் நானும் அதைத்தான் செய்தேன். அதனால் உங்களுக்கும் தருவதாக இல்லை.

மணி இப்போது இரண்டரை. அவன் கூப்பிடட்டும்.