இன்னைக்கு ஒருநாள்

பெட்டியைத் தூக்கப் போகும் நேரத்தில், தபால்காரரின் கோட்டுப் பை புடைத்திருப்பதை அவள் பார்த்துவிட்டாள். கையை நீட்டினாள். அவர் திருட்டு முழி முழித்துவிட்டு, உள்ளே இருந்த பைனாகுலரை எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரர் கேட்பதற்கு முன்பே தன் பை இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார்.

"இன்னைக்கு ஒருநாள் அவர் எனக்கு மட்டும். வழியில எது பறந்தாலும் சரி, யாரும் தலையைத் தூக்கக் கூடாது," என்றாள்.

இருவரும் தலையாட்டினார்கள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. புருஷன் பல் டாக்டர். வருஷம் முழுக்கத் தங்கமான மனிதர். குளிர் விட்டு, ஆற்றோரச் சதுப்பில் தங்கியிருந்த வாத்துகள் வடக்கே கிளம்பும் நாட்களில் மட்டும் கட்டுக்குள் நிற்க மாட்டார். ஒருமுறை, வாயைப் பிளந்தபடி நாற்காலியில் கிடந்தவரை அப்படியே விட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினார். திரும்பி வந்து, நல்ல கூட்டம், நீங்களும் பார்த்திருக்கணும் என்றாராம். அந்த நாட்களில் அவருடைய சட்டை நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் அவள் சோறு பரிமாறுவாள். அப்படியும் தபால்காரரோடும் பேக்கரிக்காரரோடும் சேர்ந்து நழுவிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு வாத்துகளோடு சக்களத்திச் சண்டை. குளியலறையில் அவர் வாத்து மாதிரி கத்திப் பழகியதைக் கேட்டுக் கேட்டு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தக் குரலை அடையாளம் சொல்லிவிடுவாள்.

இந்த வருஷம் அவை கிளம்புவதற்குள் இவர் கிளம்பிவிட்டார். முந்தாநாள், கிளினிக்கில், கையுறையைக் கழற்றக்கூட நேரமில்லாமல்.

கல்லறைக்குப் போகும் வழியில், பாலத்தின் நடுவில், அந்தச் சத்தம் முதலில் கேட்டது அவளுக்குத்தான்.

ஆற்றின் மேலாகவே வந்தன, தாழ்வாக. முன்பக்கம் சுமந்த தபால்காரரும் பேக்கரிக்காரரும் திட்டு வாங்கிய பிள்ளைகள் மாதிரி தரையைப் பார்த்தே நடந்தார்கள். பேக்கரிக்காரருக்குக் காது சிவந்துவிட்டது. நடை ஏன் திடீரென்று தடுமாறுகிறது என்று பின்பக்கம் சுமந்த அவள் தம்பிக்கும் மகனுக்கும் விளங்கவில்லை.

இன்றைக்குமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் பொறுக்கக் கூடாதா இந்தச் சனியன்களுக்கு. சுமப்பவர்களில் ஒருவராக அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று உடனே நினைத்துக்கொண்டாள். யார் பெட்டியானாலும் நடுரோட்டில் போட்டுவிட்டு ஓடியிருப்பார். அழ வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டாள். அந்த மனுஷன் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

"இறக்குங்க," என்றாள்.

"வேணாம் அக்கா. சொன்ன சொல்லு சொன்னதுதான்," என்றார் தபால்காரர், தலை நிமிராமல்.

"உங்களுக்காக இல்ல. இதைப் பார்க்காம அவர் நகர மாட்டார். எனக்குத் தெரியாதா?"

பெட்டியைப் பதமாகக் கீழே வைத்தார்கள். அவள் பைனாகுலரைத் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள். வாத்துகள் வரிசை வரிசையாகத் தலைக்கு மேல் கத்திக்கொண்டு போயின. பறவை என்றாலே முகம் சுளிக்கும் தம்பிகூட வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

ஆற்று வளைவில் சத்தம் தேய்கிறவரை எல்லோரும் அண்ணாந்தே இருந்தார்கள். அவள் மட்டும் பெட்டியருகே மண்டியிட்டு, மூடியின் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள்.