டேக் கட்டிய வயர்கள்

2023 மார்ச் 6, திங்கட்கிழமை காலை, தில்லி கிழக்கு கிட்வாய் நகரில் ஆறாம் மாடி வீடொன்றில் சுவிட்சைப் போட்டதும் புறப்பட்ட மின்சாரம், இரண்டு மீட்டர் வயரைக் கடந்து வியாழக்கிழமை மதியம் கணினிக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் புதன்கிழமை ஹோலி, அரசு விடுமுறை.

வீட்டுக்காரர் ஜோதிலிங்கம், திருநெல்வேலிக்காரர், ஓர் அமைச்சகத்தில் பிரிவு அலுவலர். அலுவலகத்தில் அவர் மேசை எப்போதும் சுத்தமாக இருக்கும். வந்த கோப்புகளையெல்லாம் அலமாரிக்குள் தள்ளிவிட்டால் எந்த மேசையும் சுத்தமாகத்தான் இருக்கும். வீட்டு மேசைக்கடியில் மானிட்டர், பிரிண்டர், ரௌட்டர் வயர்கள் பின்னிக் கிடந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. முந்தைய ஞாயிறு முழுவதும் தரையில் மல்லாந்து கிடந்து, கோப்பு கட்டும் வெள்ளை நூல் டேக்குகளால், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து போட்டுப் பழகிய அதே முடிச்சைப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டினார். படமெடுத்துக் காலனித் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். சில குடும்பங்கள் நேரிலேயே வந்தன. படித்து, பரீட்சை எழுதி, தலைநகர் வந்து சேர்ந்த மனிதர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குனிந்து, ஒரு மேசையின் அடியைப் பார்த்து, "அச்சா, அச்சா" என்றார்கள்.

அன்றிலிருந்து அந்த வயர்களில் போனதெல்லாம் கோப்பு போகும் வேகத்தில்தான் போயிற்று. அச்சுக்குக் கொடுத்த தாள் அடுத்த வாரம் வந்தது, ஓரத்தில் பச்சை மையில் யாரோ போட்ட சுருக்கொப்பத்தோடு. கேமராவுக்கு முன் உட்கார்ந்து பேசினால் முகம் வயருக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. சனி, ஞாயிறுகளில் எதுவும் அசையவில்லை. ஜோதிலிங்கத்துக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வயர் தொங்கவில்லை, அவருக்கு அது போதும்.

மகள் பிரியதர்ஷினிக்கு அது போதவில்லை. பெங்களூரு நிறுவனம் ஒன்று மார்ச் 31 அன்று அவளைக் கணினி வழியாக நேர்காணலுக்கு அழைத்திருந்தது. வீட்டு மேசையிலிருந்துதான் பேசவேண்டும், கைப்பேசி கூடாது என்று நிபந்தனை. இது கைவிட்டுப் போனால் அப்பா சொல்லிவைத்திருக்கும் ஒப்பந்த எழுத்தர் வேலை, அதாவது டேக் கட்டும் இன்னொரு மேசை.

"அப்பா, அதை அவுத்து விடுங்க, ப்ளீஸ். ஜல்தி."

"ஏட்டி, கட்டுறதுதான் என் வேலை. அவுக்கணும்னா மேல உள்ளவங்க சொல்லணும்."

"யாரு மேல? ஏழாவது மாடி அங்கிளா?"

அவள் கிண்டலாகக் கேட்டதை அவர் ஆலோசனையாக எடுத்துக்கொண்டார். ஏழாம் மாடியில் குடியிருக்கும் சார்புச் செயலர் சிவஞானம் அழைக்கப்பட்டார். வந்தார், காபி குடித்தார், குனிந்து பார்த்தார், "பேசுவோம்" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டார்.

"இந்த வயருக்கு வந்த பவிசப் பாரு," என்றாள் அம்மா கவிதா. "எனக்கு ஒரு துணிக்கொடி கட்டித் தந்திருப்பாராட்டி ஒங்கப்பா?"

பிரியதர்ஷினி முடிச்சில் கத்திரிக்கோலை வைத்தாள். நூல் அறுபடவும் இல்லை, அறுபடாமலும் இல்லை. வெட்டு பரிசீலனையில் இருந்தது. இருந்தாலும் தினமும் கேமராமுன் உட்கார்ந்து பார்த்தாள். முகங்கள் உள்ளே போய்க்கொண்டே இருந்தன.

மார்ச் 31 காலை, மேசைமுன் அழுதுகொண்டிருந்தவளை ஜோதிலிங்கம் எட்டிப் பார்த்தார். "எதுக்குட்டி அழுத? மார்ச் முப்பத்தொண்ணுல எது நிக்கும்?"

நிதியாண்டின் கடைசி நாள். வருடமெல்லாம் தூங்கிய கோப்பும் அன்று ஒரே மூச்சில் ஓடும். இது ஊருக்கே தெரியும் என்பதால் மகளிடம் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவள் சுவிட்சைப் போட்டு விரலை எடுக்குமுன் திரை ஒளிர்ந்தது. நேர்காணல் தொடங்கியதும் தேங்கிக் கிடந்த முகங்களும் சேர்ந்து கிளம்பின: தலைக்கு எண்ணெய் வைத்த பிரியதர்ஷினி, கொட்டாவி விடும் பிரியதர்ஷினி, அப்பாவை இந்தியில் திட்டும் பிரியதர்ஷினி. அத்தனைக்கும் நடுவில் இருந்தவள் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். பெங்களூருக்காரர்கள் மூவரும் நாள் முழுக்கத் திரையில் முகக் கூட்டத்தைப் பார்த்தே பிழைப்பவர்கள். அவர்களுக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. குழுவோடு நன்றாக ஒத்துழைக்கிறார் என்று குறித்துக்கொண்டார்கள்.

வேலை கிடைத்தது. ஏப்ரலில் வயர்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின. அந்த அடுக்ககத்தில் பல வீடுகளில் ஜோதிலிங்கத்திடம் டேக் வாங்கிப் போய்க் கட்டினார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்றார்கள்.

ஜூன் முதல் வாரம் பிரியதர்ஷினி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்கு ஒதுக்கிய மேசைக்கடியில் வயர்கள் கன்னாபின்னாவென்று கிடந்தன. அவள் அவற்றைத் தொடவில்லை.