நீல நாற்காலி

கொரினுக்கு ரொம்ப நாளாவே வாரனோட நாற்காலி மேலதான் கண்ணு.

வாஷிங்டன்ல அவங்க ரெண்டு பேரும் வேலை பாக்குற ஆராய்ச்சிக் கூடத்துல போர் ஆட்டம்னு ஒண்ணு நடக்கும். மேசை பூரா வரைபடம், அது மேல குட்டிக் குட்டிக் கப்பல் பொம்மைங்க. நீலம்னா அமெரிக்கா, சிவப்புன்னா எதிரி நாடு. நீல நாற்காலில எப்பவும் வாரன். சிவப்புல எப்பவும் கொரின்.

வேடிக்கை என்னன்னா, ஜெயிக்கிறது கொரின், பேர் வாங்குறது வாரன். தோத்துட்டு நேரா டிவிக்குப் போயி, "உலகத்துல நம்ம இடம் பறிபோகுது, முழிச்சுக்கோங்க"ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு சொல்லுவான். உடனே செனட்ல இருந்து கூப்பிடுவாங்க, கூடத்துக்குப் பணமும் வரும். ஜெயிச்சவ பொம்மைங்கள பெட்டில அடுக்கிக்கிட்டு இருப்பா.

இப்ப பிரிவுத் தலைவர் பதவி காலி. வாரன் பேரத்தான் இயக்குநர் லெட்டிஷியா மனசுல வச்சிருக்காங்கன்னு காபி மெஷின் பக்கத்துல பேச்சு. அதக் கேட்டதுல இருந்து கொரினுக்கு வயித்தெரிச்சல். அவன் புது ஷூ போட்டு வந்தாலும் எரியுது, பேகல் ரொட்டில சீஸ் தடவிக்கிட்டு நின்னாலும் எரியுது.

ஆட்டத்துல ஒரு பழக்கம் உண்டு. எதிரியக் கொறச்சு எடை போட்டுடக் கூடாதுன்னு, சிவப்புக் கப்பலுக்கு எண்ணெய் தீரவே தீராது. இன்ஜின் மக்கர் பண்ணாது. கூட்டாளி நாடுங்க கழட்டி விடாது. இத யாரும் கேள்வி கேட்டதே இல்ல.

அன்னைக்கு ஆட்டம் பாக்க செனட் ஆளு ஒருத்தர் வந்து உக்காந்திருந்தார். வாரன் ஜெயிச்சுட்டா டிவில எதச் சொல்லி அழுவான்னு கொரின் யோசிச்சா. ஆட்டம் தொடங்குனதும் கையத் தூக்குனா.

"என் கப்பல் பாதி கிளம்பல. எண்ணெய் பத்தல."

நடுவர் கண்ணாடியக் கழட்டுனார். "சிவப்புக்கு எண்ணெய்க் கணக்கு கெடையாதேம்மா."

"என் கப்பல்தானே. எனக்கு இல்லன்னு நானே சொல்றேன், எழுதிக்கோங்க. என் கூட்டாளில ஒருத்தன் போனே எடுக்கல. இன்னொருத்தன் நீலத்துக்கிட்டயும் பேரம் பேசுறான்."

கதை விடல அவ. எதிரி நாட்டுப் பத்திரிகையப் படிக்கிறதுதான் அவ வேலையே. அவங்க இல்லாமையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கேக்கத்தான் ஆளில்ல.

வாரன் மேசை மேல சாஞ்சு கிசுகிசுத்தான். "என்ன பண்ற நீ?"

"தோக்குறேன். சுலபமாத்தான் இருக்கு, நீ ஏன் டிவில அவ்வளவு அலட்டிக்கிற?"

மதியச் சாப்பாட்டுக்குள்ள நீலம் ஜெயிச்சுடுச்சு. ஒருத்தரும் கை தட்டல.

"அப்ப நம்மள அசைக்க அவங்களால முடியாதா?"ன்னு செனட் ஆளு கேட்டார். அப்புறம் பணம் எதுக்குன்னு கேப்பாரோன்னு லெட்டிஷியா தண்ணி குடிச்சாங்க. வாரன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. கொரினுக்கு உள்ளுக்குள்ள ஜில்லுன்னு இருந்துச்சு.

அந்த ஜில்லு சாயங்காலம் வரைக்கும் கூட நிக்கல. டிவில வாரன் வந்துட்டான்.

"எதிரி பலவீனமா இருக்கிற மாதிரி நடிக்கிறான். பலத்தக் காட்டுறவனை விட இவன்தான் ஆபத்து. இன்னைக்கு நாங்க அத நேர்லயே பாத்தோம்."

கொரின் தின்னுக்கிட்டு இருந்த பேகலக் கீழ வச்சா. இப்படிப் புளுகுறானேன்னு கோவம் வரல. இது நமக்குத் தோணாமப் போச்சேன்னுதான் வந்துச்சு.

அந்த வாரமே பதவி அவனுக்குத்தான். கையில கப்கேக்கோட அவ மேசைக்கு வந்தான்.

"சிவப்ப விட்டுடாத கொரின். உன்ன மாதிரி எதிரி எனக்குக் கெடைக்க மாட்டா."

"எனக்கு நீலம் வேணும்."

சிரிச்சான். "வெளையாடாத."

"நீதான் தலைவராயிட்டியே, இனி நீயா ஆடப் போற? நான் நீலத்துல உக்கார்றேன். சிவப்புல யார வேணா போடு, அவங்க எண்ணெய நான் எண்ணிக்கிறேன்."

அவன் சிரிப்பு பாதியில நின்னுச்சு. "நீலத்துல உக்காந்தா டிவிலயும் நீதான் பேசணும்."

"தெரியும்."

"என்ன பேசுவ?"

"இன்னும் முடிவு பண்ணல."

"யோசிச்சுச் சொல்றேன்"னு கப்கேக்க அங்கயே வச்சுட்டுக் கிளம்புனான். கதவுகிட்ட போயி ஒரு தடவை திரும்பிப் பாத்தான். கதவத் தாண்டியும் கண்ணாடி வழியாப் பாத்தான். அவ ஜெயிச்ச நாள்ல எல்லாம் இப்படி ஒரு பயந்த பார்வை அவளுக்குக் கெடைச்சதில்ல.

கொரின் கப்கேக்க எடுத்து நிதானமாத் தின்னா.